சேற்று மனிதனைத் துரத்தியவர்

பென்னோ ஆன்ஸ்பாகரின் முகத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாற்பதுகளில் ஹாலிவுட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் பூதப் படங்களில் ஊர்ச்சனம் தீப்பந்தத்தோடு மலையேறும் காட்சி ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தக் கும்பலில் இடப்பக்கம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் ஓடுகிற ஒல்லி ஆள்தான் அவர். அப்படி இருபத்திரண்டு படங்களில் ஓடினார். ஒரே ஒரு படத்தில் மட்டும் முன்வரிசையில் நின்று பேசினார். அந்தப் படத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விடுவார். கடைசிவரை அப்படித்தான்.

ஹாலிவுட்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பூதம் என்று ஒன்று கிளம்பினால் அது ஜெர்மானியக் கிராமத்தில்தான் கிளம்பும். அதற்காகவே ஸ்டுடியோவின் பின்பக்கத்தில் மரச்சட்டம் போட்ட வீடுகளும் நடுவில் ஒரு கிணறுமாக ஊர்ச்சதுக்கம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். வீடுகளுக்கு முகம் மட்டும்தான், முதுகு கிடையாது. அந்த ஊருக்கு ஜனம் வேண்டுமே என்று அவர்கள் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக யூதர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வக்கீல்கள், பல் டாக்டர்கள், ஒரு பியானோ வாத்தியார். அவர்களுக்கு இங்கிலீஷ் சரியாக வராது, வேறு வேலையும் கிடைக்காது. எந்த ஊர் வேண்டாம் என்று ஓடிவந்தார்களோ அதே ஊர்க்காரர்களாக வேஷம் கட்டி வயிற்றைக் கழுவினார்கள். இதில் இருக்கும் கிண்டல் அவர்களுக்கும் தெரியும். காலையில் உடை அறையில் தோல் கால்சட்டையை மாட்டும்போது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

பென்னோ மைன் நதிக்கரையில் ஒரு சிற்றூரில் காகிதமும் மையும் விற்றவர். பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கை இர்மா மாடியில் இருந்துகொண்டு வீட்டையும் கடையையும் சேர்த்துப் பார்த்தாள். கடை போனபிறகு இருவரும் பிரான்சுக்குத் தப்பினார்கள். அங்கே ஒரு விசாதான் கிடைத்தது. நீ போ, போய் என்னைக் கூப்பிடு என்று இர்மா அவரைத் தள்ளிவிட்டாள். அவர் போனார். 1939 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். செப்டம்பரில் போர் மூண்டது, இர்மா மார்செய் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டாள்.

அவளை அழைக்க வேண்டுமானால் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு காகிதம் வேண்டும். இந்தப் பெண்ணைச் சாப்பாடு போட்டு வைத்துக்கொள்ள இங்கே ஒருவர் இருக்கிறார், அவருக்கு நிலையான வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். பென்னோவின் வேலையோ தினக்கூலி. காலை ஆறு மணிக்கு விடுதிக் கூடத்து டெலிபோனுக்கு வரிசையில் நின்று, ஆள் எடுக்கும் அலுவலகத்தைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்க வேண்டும். "ஒண்ணும் இல்ல, அப்புறம் கூப்பிடுங்க" என்பாள் அங்கே போன் எடுக்கும் பெண். இதை நிலையான வேலை என்று எந்த முதலாளி எழுதித் தருவான்? காகிதக் கடை வைத்திருந்தவருக்கு ஒரு காகிதம் கிடைக்கவில்லை.

1941 ஏப்ரலில் அவருக்கு ஒரு சேற்றுப் பூதப் படத்தில் நான்கு நாள் வேலை வந்தது. சதுப்பில் ஆயிரம் வருஷம் புதைந்துகிடந்த மனிதன் எழுந்து வந்து ஊரைக் கலக்குகிறான், ஊரார் அவனைச் சுண்ணாம்புக் காளவாயில் மடக்குகிறார்கள், அதுதான் கதை. சேற்று மனிதனாக வேஷம் கட்டியவன் ஆர்லோ பிக்ஸ். நெப்ராஸ்காவில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த ஆறரை அடி மனுஷன். மேக்கப் போட்டு முடிக்க நாலரை மணி நேரம் ஆகும். போட்டபிறகு உட்கார முடியாது, சாய்ந்துகொள்ள ஒரு பலகை வைத்திருப்பார்கள். சாப்பாடு உறிஞ்சு குழாயில் சூப்.

காலை பத்து மணிக்கு உள்ளரங்கில் நடுராத்திரியைக் கொண்டுவந்தார்கள். எண்ணெயைக் காய்ச்சி விட்ட மூடுபனியில் எல்லோரும் இருமினார்கள். காட்சி இதுதான்: போலீஸ்காரர் விசில் ஊத வேண்டும், கும்பல் பந்தங்களைத் தூக்கிக்கொண்டு காளவாயை நோக்கிப் பாய வேண்டும். இயக்குநர் ஹாலரன் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ஆக்ஷன்!" என்றார். விசில் ஊதியது.

கும்பலில் பாதி பாய்ந்தது. மீதிப் பாதி, யாரும் சொல்லாமலே, பந்தத்தைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய்ச் சுவரோடு வரிசையாக நின்றது. அதில் இரண்டு மூன்று பேரின் கை சட்டையின் உள்பைக்குள் அடையாளச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அது ஸ்டுடியோ கொடுத்த கிராமத்துச் சட்டை. அதில் உள்பையே கிடையாது.

"கட்! கட்! யோவ், அங்க என்னய்யா பண்றீங்க? பூதம் இந்தப் பக்கம் நிக்குது!"

வரிசையின் முதல் ஆள் லோவி. வியன்னாவில் நீதிபதியாக இருந்தவர். விடுதியில் பென்னோவும் அவரும் ஒரே அறை. ஊரில் மாதிரியே இங்கேயும் எல்லோரும் அவரை ஜட்ஜய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். வைக்கோல் அள்ளும் கவைக்கோலைக் கையில் பிடித்தபடி அவர் நெற்றி வரை சிவந்து போனார்.

"மன்னிக்கணும். விசில் சத்தம் கேட்டுச்சு."

"அது நடிப்பு விசில்யா! ஊதினவன் நேத்து வரைக்கும் பார்ல சரக்கு ஊத்திட்டிருந்தவன்!"

செட்டே சிரித்தது. அகதிகளும் சிரித்தார்கள், ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் விசில் ஊதியதும் ஜட்ஜய்யாவின் கால் ஓர் அடி சுவர் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அந்த ஓர் அடி போதும், ஷாட் கெட்டது.

ஹாலரன் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். உதவியாளரைக் கூப்பிட்டு எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்: "நாளைக்குக் கௌபாய் படத்துல இருந்து இருபது பேரைப் புடி. இவங்க துரத்துன்னு சொன்னா ஓடி ஒளியறாங்க." அதோடு இன்னொரு தலைவலியும் அவருக்கு இருந்தது. கும்பலுக்கு முன்னால் நின்று வசனம் பேச வேண்டிய நடிகருக்குப் பல்வலி, ஒரு கன்னம் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. "இந்தக் கூட்டத்துக்கு உசுரு குடுக்கிற மாதிரி ஒரு ஆள் இங்க இல்லையா? நல்லா பண்றவனுக்கு ஆறு மாச ஒப்பந்தம் போட்டுத் தரேன்."

ஆறு மாதம் என்றதும் பென்னோவின் கை தானாக மேலே போயிற்று.

"நீயா? உனக்குப் பேச வருமா?"

"வரும் சார். ஒப்பந்தத்தோட ஒரு கடுதாசியும் வேணும்."

"கவர்னருக்குக் கூட எழுதித் தரேன், முதல்ல அந்த ஆளு மாதிரி கத்திக் காட்டு."

வசனம் ஒன்றும் பெரிதில்லை. அவன் காளவாய்க்குள் இருக்கிறான், விடாதீர்கள், இவ்வளவுதான். பென்னோ புருவத்தை நெரித்தார், பல்லைக் கடித்தார், முஷ்டியை உயர்த்தினார், கத்தினார். வயிற்றுக்கடுப்பு வந்தவர் மாதிரி இருந்தது. ஐந்து முறை எடுத்தும் தேறவில்லை. ஹாலரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பிட்டு வாங்க. அப்புறம் ஒரே ஒரு தடவை" என்றார். அந்த ஒரு தடவையும் போனால் மார்செய்க்கு என்ன எழுதுவது என்று பென்னோவுக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். பூதத்துக்கு அங்கே அனுமதி கிடையாது, தட்டெழுத்துப் பெண்கள் பயந்து கூச்சல் போடுகிறார்கள் என்று தடை. ஆர்லோ சாய்பலகையில் தனியாகச் சாய்ந்து குழாயில் சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தான். பென்னோ பக்கத்தில் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நான் கத்தும்போது உனக்குப் பயம் வருதா, ஆர்லோ?"

"தப்பா நினைக்காத பென். உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு."

"நீ நிஜமா எப்பப் பயந்திருக்க?"

ஆர்லோ கொஞ்சம் யோசித்தான். சேறு பூசிய கண்ணிமை மட்டும் அசைந்தது. "எங்கப்பாவைப் பார்த்து. அடிக்கப் போறப்ப கத்தவே மாட்டாரு. பெல்ட்டைக் கழட்டிக்கிட்டே சின்னதா விசில் அடிப்பாரு. சந்தோஷமா."

பென்னோ ரொட்டியை மடித்துக் காகிதத்தில் வைத்தார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரு சந்தோஷமான மனுஷன் உண்டு. பெயர் சோல்னர். கடைக்குப் பக்கத்துக் கடை நாவிதர். பதினைந்து வருஷம் பென்னோவின் கழுத்தில் கத்தி வைத்தவர், ஒரு கீறல் விழுந்ததில்லை. 1938 நவம்பரில், பகல் வெளிச்சத்தில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் கடைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தபோது அவர்தான் முன்னால் வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பென்னோ எதிர்பார்த்தது கோபம். சோல்னர் முகத்தில் கோபமே இல்லை. திருவிழாவில் ராட்டினத்துக்கு ஆள் சேர்ப்பவரைப் போல இருந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். "தள்ளாதீங்க, தள்ளாதீங்க. எல்லாருக்கும் இடம் இருக்கு. சின்னப் பசங்களை முன்னாடி விடுங்க, அவங்களுக்கும் தெரியட்டும்." ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் முதல் மைப்புட்டியை வீசினார்கள். அரை மணி நேரத்தில் தெரு முழுக்க நீலம். இர்மா மாடி ஜன்னலில் நின்று முழுவதையும் பார்த்தாள்.

சாப்பாட்டு மணி முடிந்ததும் பென்னோ நேராக ஹாலரனிடம் போனார்.

"வசனத்தைக் கொஞ்சம் மாத்திச் சொல்லலாமா?"

"அது என்ன பைபிளா? சொல்லு, சொல்லு."

ஆக்ஷன் என்ற குரல் வந்தது. விசில் ஊதியது. விசில் அடங்குவதற்குள் பென்னோ தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக் கும்பல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. வாடிக்கையாளரை வரவேற்கும் சிரிப்பு. "வாங்க வாங்க! தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு!" என்றார். முன்னால் நின்றவர் தோளில் கை போட்டார். ஜட்ஜய்யாவை முழங்கையால் இடித்துக் கண்ணடித்தார். "சின்னப் பசங்களை முன்னாடி விடுங்கப்பா, அவங்களும் பார்க்கட்டும்!" பிறகு காளவாயின் இருட்டுக்குள் குனிந்து, விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டார்: "என்ன தம்பி, உள்ள குளிருதா? சூடு பண்ணித் தரட்டுமா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பரவியது. காலையில் சுவரோரம் ஒதுங்கியவர்கள் இப்போது ஒதுங்கவில்லை. இரண்டு வருஷமாக, மூன்று வருஷமாக ஓரமாகவே நின்று பழகியவர்கள், முதல் தடவையாகக் கூட்டத்தின் நடுவில் இருந்தார்கள். அங்கே கதகதப்பாக இருந்தது. பந்தங்கள் நெருங்கின. ஆர்லோ திரைக்கதையில் எழுதியபடி உறுமினான், சிரிப்பு அதிகமானது. அவன் பின்வாங்கினான். அது திரைக்கதையில் இல்லை. அட்டைச்சுவர் அவன் முதுகில் முறிந்தது. "டேய், நில்லுங்க!" என்று பூதம் தன் சொந்தக் குரலில் கத்தியது. யாரும் நிற்கவில்லை. ஹாலரன் கட் சொல்ல மறந்து நாற்காலியில் எழுந்து நின்றிருந்தார்.

கவைக்கோலின் முனை ஆர்லோவின் முழங்கையில் இறங்கியது. சேற்று மேக்கப்பின் மேல் ரத்தம் வழிந்தது. கவைக்கோலின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் ஜட்ஜய்யா. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கட்!" என்றார் ஹாலரன். பிறகு மெதுவாக, "ஆண்டவனே. இதைத்தாம்பா கேட்டேன்" என்றார். விளக்குப் பிடித்தவர்கள் கை தட்டினார்கள். ஆர்லோவுக்குக் கட்டுப் போட்டார்கள். "ஆழமா இல்ல, விடுங்க" என்று அவன் எல்லோரையும் சமாதானப்படுத்தினான். ஆனால் சாயங்காலம் வரை யாராவது பக்கத்தில் வந்தால் பலகையிலேயே கொஞ்சம் நகர்ந்துகொண்டான். ஜட்ஜய்யா கவைக்கோலை உடை அறையில் ஒப்படைத்துவிட்டுப் போனவர், அதன்பிறகு எந்த ஸ்டுடியோவுக்கும் போன் போடவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனார். பென்னோவிடம் பேச்சு குறைந்தது. அறையில் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

கடிதம் அன்றைக்கே கிடைத்தது. ஸ்டுடியோவின் பெயர் அச்சிட்ட கனமான தாள். பென்னோ பழைய வழக்கத்தில் விரலால் தடவிப் பார்த்து, நல்ல காகிதம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தபாலில் சேர்த்தார்.

செப்டம்பரில் இர்மா லிஸ்பன் வழியாகக் கப்பலேறி, நியூயார்க்கில் இறங்கி, ஐந்து நாள் ரயிலில் வந்து சேர்ந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ரயிலடியிலேயே, "உன் தலைமுடியை எவன் வெட்டினான்? காக்கா கூடு மாதிரி இருக்கு" என்றாள். பென்னோ அழுதுவிட்டார். இரண்டு அறையில் ஒரு வீடு பிடித்தார்கள். டிசம்பரில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. வசந்தத்தில் ஓர் உத்தரவு வந்தது: ஜெர்மானியர் எல்லாம் எதிரி நாட்டார், இரவு எட்டு மணிக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஜெர்மனியை விட்டு உயிர் தப்பி வந்த இவர்களும் இந்த ஊர்க் கணக்கில் ஜெர்மானியர்தான். "அங்க யூதன்னு துரத்தினான், இங்க ஜெர்மன்னு அடைக்கிறான். நாம எப்பத்தான் நாமளா இருப்போம்?" என்று இர்மா சிரித்தாள்.

அதற்குள் படம் வெளிவந்துவிட்டது. "என்னை இங்க கொண்டுவந்து சேர்த்த படம், நான் பார்க்க வேண்டாமா?" என்று அவள் நச்சரித்தாள். மார்ச் முழுக்க அவர் சாக்குச் சொன்னார். தலைவலி என்பார், கூட்டம் என்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனார்கள்.

தியேட்டர் நிறையப் பிள்ளைகள். சேற்று மனிதன் எழுந்து வந்தபோது சோளப்பொரியை இறைத்துக்கொண்டு அலறினார்கள், அலறிவிட்டுச் சிரித்தார்கள். இர்மாவும் சிரித்தாள். "பாவம், நல்லா குளிக்க வெச்சா சரியாயிடுவான்" என்று காதில் சொன்னாள். பிறகு விசில் ஊதியது. திரை முழுக்கப் பென்னோவின் முகம், தொப்பி பின்னால் தள்ளி, சிரித்துக்கொண்டு. பிள்ளைகள் கை தட்டினார்கள். பூதம் சுவரோடு ஒடுங்கியபோது முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று, "குத்து! குத்து!" என்று குதித்தாள். பென்னோ திரையைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பார்த்தார். அது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தது.

வெளியே நல்ல வெயில். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.

"அது சோல்னர்தானே?"

"ஆமா."

"அந்த வார்த்தைகூட அதே வார்த்தை."

"வேற எதுவும் வரல, இர்மா. ஒரு தடவைதான் வாய்ப்பு குடுத்தாங்க. உன் கடுதாசி அதுலதான் இருந்துச்சு."

"தெரியும். நான் அதைக் குறை சொல்லல." அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "ஒண்ணு கேக்கறேன். அங்க முன்னாடி நின்னப்ப எப்படி இருந்துச்சு?"

அருவருப்பாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஒரு வருஷமாகத் தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒட்டவில்லை. தன்னை நம்பி ஐந்து எல்லைகளைத் தாண்டி வந்தவளிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சு, இர்மா. எல்லாரும் என் கூட இருந்தாங்க."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பேருந்து வந்தது. அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பையை எடுக்கச் சொல்லிப் பென்னோ கேட்கவில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிறுத்தம் போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு நிறுத்தங்கள் போயின. வண்டியில் பாதி இருக்கைகள் காலியாகவே இருந்தன, அவர் வேறெங்கும் போய் உட்காரவில்லை. ஐந்தாவது நிறுத்தம் தாண்டியதும் இர்மா வெளியே பார்த்தபடியே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.